மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிதான், அப்புறம் ஏன் காய்ச்சல் திரும்பி வருகிறது?

வாசகர் கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. பக்கவாதம் வந்து ஐசியுவில் சேர்த்து நான்காவது வாரம் நடக்கிறது. கழுத்தில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் விடும் குழாய்), சிறுநீருக்குக் கதீட்டர், இரண்டும் முதல் நாளிலிருந்தே இருந்தன. நடுவில் காய்ச்சல் வந்து ரத்தக் கல்ச்சர் அனுப்பினார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்றும் வான்கோமைசினுக்குக் கட்டுப்படும் என்றும் ரிப்போர்ட் வந்தது. ஊசி போட்டதும் காய்ச்சல் நின்றது. கோர்ஸ் முடிந்து நான்கே நாளில் மறுபடி குளிர் காய்ச்சல், மறுபடி அதே கிருமி. 'குழாயில் பயோஃபிலிம் படிந்திருக்கிறது' என்று சொல்லி இப்போது கழுத்து லைனை எடுத்துவிட்டார்கள். யூரின் கல்ச்சரில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வந்திருக்கிறது, அதற்கு மட்டும் மருந்து வேண்டாம் என்கிறார்கள். ஐசியுவில் சுத்தம் இல்லாததால்தான் இதெல்லாம் வந்ததா? இன்னும் பவர்ஃபுல்லான மருந்தை முதலிலேயே கொடுத்திருக்கலாமா? சூடோமோனாஸை ஏன் விட்டுவைக்கிறார்கள்? வெள்ளிப் பூச்சு உள்ள கதீட்டர் வாங்கித் தந்தால் போடச் சொல்லலாமா?

பதில்:

கழுத்து லைனை எடுத்தது சரியான முடிவு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மருந்தைப் பற்றித்தான் கேள்விகள் இருக்கின்றன, ஆனால் இங்கே விஷயமே மருந்து இல்லை, குழாய். நான் நோயாளி பக்கத்தில் நிற்கும் டாக்டர் இல்லை, அந்தக் கல்ச்சர் பாட்டில்கள் வந்து சேரும் மைக்ரோபயாலஜி லேபில் உட்கார்ந்திருப்பவன். அப்பாவின் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவரை நேரில் பார்ப்பவர்கள்தான். ஆனால் அந்த ரிப்போர்ட் எப்படித் தயாராகிறது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவே சொல்லாது என்பதை என்னால் சொல்ல முடியும்.

'வான்கோமைசினுக்குக் கட்டுப்படும்' என்று நாங்கள் எழுதும்போது செய்தது இவ்வளவுதான்: ரத்தத்தில் வளர்ந்த கிருமியைப் பிரித்து எடுத்து, நல்ல சத்துள்ள திரவத்தில் தனித்தனியாக மிதக்க விட்டு, எந்த அளவு மருந்தில் அதன் வளர்ச்சி நிற்கிறது என்று பார்க்கிறோம். அந்த அளவு மனித ரத்தத்தில் எட்டக்கூடியதாக இருந்தால் 'எஸ்' என்று ஓர் எழுத்து. அதாவது அந்தச் சோதனை முழுக்க மிதக்கும் பாக்டீரியாவைப் பற்றியது. அப்பாவின் கழுத்துக் குழாயில் இருந்தது மிதக்கும் பாக்டீரியா இல்லை, ஒட்டிக்கொண்டு கூட்டமாக வாழ்வது. இரண்டும் ஒரே இனம், ஒரே மரபணு, ஆனால் நடத்தை வேறு.

எந்தப் பிளாஸ்டிக் குழாயையும் ரத்தக்குழாய்க்குள் விட்டால் கொஞ்ச நேரத்திலேயே ஃபைப்ரினோஜென், ஃபைப்ரோனெக்டின் மாதிரி உடம்பின் புரதங்கள் அதன் மேல் படிந்துவிடும். இதைத் தடுக்க முடியாது. ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகளுக்கு அந்தப் புரதங்களைப் பிடித்துக்கொள்ளவென்றே மேற்பரப்பில் ஒட்டு மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒட்டிய கையோடு அவை பெருகி, தங்களைச் சுற்றி சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் செத்த பாக்டீரியாவிலிருந்து வெளிவந்த டிஎன்ஏவும் கலந்த ஒரு வழவழப்பான பசையைச் சுரக்கின்றன. இந்தப் படலம்தான் பயோஃபிலிம். பல் துலக்காமல் விட்டால் படியும் மாவு மாதிரியான படிவு இருக்கிறதே, அதுவும் பயோஃபிலிம்தான், 1680களில் லீவன்ஹுக் தன் பல்லைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்ததும் அதைத்தான். பல்லில் இருப்பதைத் தேய்த்து எடுத்துவிடலாம். கழுத்து ரத்தக்குழாய்க்குள் இருக்கும் குழாயைத் தேய்க்க வழியில்லை.

அந்தப் படலத்துக்குள் மருந்து ஏன் தோற்கிறது என்றால் எல்லோரும் சொல்வது 'பசை மருந்தை உள்ளே விடாது' என்பது. பாதிதான் உண்மை. பல மருந்துகள் மெதுவாகவாவது உள்ளே போய்விடுகின்றன. பெரிய காரணம் வேறு: அடியில் இருக்கும் பாக்டீரியாவுக்குச் சத்தும் ஆக்சிஜனும் சரியாகப் போய்ச் சேர்வதில்லை, அதனால் அவை வளர்வதையே கிட்டத்தட்ட நிறுத்திவிடுகின்றன. வான்கோமைசின், பென்சிலின் இவையெல்லாம் பாக்டீரியா தன் செல் சுவரைக் கட்டும்போது அந்த வேலையைக் கெடுத்துக் கொல்லும் மருந்துகள். சுவரே கட்டாமல் சும்மா கிடப்பதை அவை என்ன செய்யும்? 1944இல் ஜோசப் பிக்கர் என்பவர் இதைக் கவனித்துவிட்டார். பென்சிலின் போட்ட ஸ்டஃபைலோகாக்கஸில் மிகச் சில மட்டும் சாகாமல் மிஞ்சின, ஆனால் அவற்றை மறுபடி வளர்த்தால் அவற்றின் சந்ததி பென்சிலினுக்குச் சாதாரணமாகவே செத்தது. அதாவது அவை எதிர்ப்புச் சக்தி பெற்றவை இல்லை, அந்த நேரத்தில் உறங்கிக்கொண்டிருந்தவை. பெர்சிஸ்டர் செல்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். பயோஃபிலிமில் இவை நிறைய. மிதக்கும் நிலையில் கொல்லும் அளவைப் போல ஆயிரம் மடங்கு வரைகூட மருந்து தேவைப்படலாம் என்று சொல்வது இதையெல்லாம் சேர்த்துத்தான்.

இப்போது அப்பாவுக்கு நடந்ததைப் பாருங்கள். ஊசி போட்டதும் ரத்தத்தில் மிதந்தவை செத்தன, காய்ச்சல் நின்றது. குழாயில் ஒட்டியவற்றில் ஒரு பகுதி பிழைத்தது. மருந்து நின்றதும் அவை விழித்து, பெருகி, படலத்திலிருந்து உதிர்ந்து மறுபடி ரத்தத்தில் கலந்தன. அதே கிருமி, அதே ரிப்போர்ட், அதே 'எஸ்'. லேபில் நாங்கள் இந்த மாதிரி ஒரு தொடர்ச்சியைப் பார்த்தால், அதாவது மருந்துக்குக் கட்டுப்படுகிறது, ஆனால் நிறுத்தியதும் திரும்புகிறது என்றால், வார்டுக்கு போன் செய்து கேட்கும் முதல் கேள்வி 'உள்ளே என்ன குழாய் இருக்கிறது?' என்பதுதான்.

சரி, பவர்ஃபுல் மருந்து? ஆயிரம் மடங்கு அளவை ரத்தத்தில் ஏற்ற முடியாது, வான்கோமைசின் அதற்கு எத்தனையோ முன்பே சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கிவிடும். குழாயின் உட்புறத்துக்கு மட்டும் ஒரு வழி உண்டு, அதிக அடர்த்தியுள்ள மருந்தைக் குழாய்க்குள்ளேயே நிரப்பிப் பல மணி நேரம் மூடி வைப்பது, லாக் தெரபி என்பார்கள். குழாயை எடுத்தால் வேறு இடமே கிடைக்காது என்ற நிலையில் உள்ளவர்களுக்கு, குறிப்பாக நீண்டகால டயாலிசிஸ், கீமோதெரபி லைன்களுக்கு அது உதவியிருக்கிறது. ஆனால் அது வெளிப்புறத்தில் ஒட்டியிருப்பதைத் தொடாது, ஐசியுவில் குறுகிய காலத்துக்குப் போடும் லைன்களில் கிருமி பெரும்பாலும் தோல் வழியாக வெளிப்புறத்தில்தான் ஏறுகிறது. எபிடெர்மிடிஸ் கொஞ்சம் சாதுவானது, அதனால் முதல் தடவை லைனை வைத்துக்கொண்டே மருந்து கொடுத்துப் பார்த்ததை நான் குறை சொல்ல மாட்டேன், அப்படி முயற்சி செய்யலாம் என்று வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. இதுவே ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றோ கேண்டிடா என்ற பூஞ்சை என்றோ வந்திருந்தால் கதையே வேறு, அந்த நிலையில் லைனை வைத்துக்கொண்டு ஒரு நாள் ஓட்டினாலும் ஏன் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. எபிடெர்மிடிஸ் எல்லோர் தோலிலும் இருப்பது, ரத்தம் எடுக்கும்போது ஊசியோடு பாட்டிலுக்குள் போய்விடும். ஒரே ஒரு பாட்டிலில் மட்டும் வந்தால் பெரும்பாலும் அது தோலிலிருந்து வந்த கலப்படம்தான், நோய் இல்லை. அதனால்தான் இரண்டு இடங்களில் ரத்தம் எடுக்கச் சொல்கிறோம். லைன் வழியாகவும் கையின் ரத்தக்குழாயிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவு எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது: எங்கள் மெஷின் ஒவ்வொரு பாட்டிலிலும் எப்போது வளர்ச்சி தெரிந்தது என்று நேரம் குறிக்கும், லைன் பாட்டில் கை பாட்டிலைவிட இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக்கொண்டால், கிருமிக் கூட்டம் அந்தக் குழாயில்தான் அதிகம் என்று தெரிந்துவிடும். அப்பாவுக்கு இரண்டு தடவையும் ஒரே கிருமி, குளிரோடு காய்ச்சல் என்பதால் கலப்படம் என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் 'இரண்டு இடத்திலும் வளர்ந்ததா?' என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

லைனை எடுத்த பிறகு எபிடெர்மிடிஸுக்குப் பொதுவாக 5 முதல் 7 நாள் மருந்து போதும். இன்னொரு லைன் தேவைப்பட்டால் வேறு இடத்தில் புதிதாகப் போடுவது நல்லது, பழைய லைனின் துளை வழியாகவே கம்பி விட்டு மாற்றினால் பழைய கிருமி புதுக் குழாயில் ஏற வாய்ப்பு அதிகம். எடுத்து மூன்று நாள் ஆகியும் காய்ச்சல் விடவில்லை, ரத்தத்தில் கிருமி இன்னும் இருக்கிறது என்றால் கிருமி குழாயைத் தாண்டிப் போயிருக்கலாம். ரத்தக்குழாயில் கட்டிய ரத்தக் கட்டியிலோ இதய வால்விலோ அது உட்கார்ந்திருக்கிறதா என்று ஸ்கேனும் எக்கோவும் செய்து பார்ப்பார்கள். பக்கவாத நோயாளிக்கு நுரையீரலில் சளித் தொற்றோ காலில் ரத்தக் கட்டோ மருந்தின் பக்க விளைவோகூடக் காய்ச்சல் தரும், எல்லாக் காய்ச்சலையும் குழாய் தலையில் கட்டிவிட வேண்டாம்.

சுத்தமின்மையா என்ற கேள்விக்கு வருகிறேன். நேர்மையாகச் சொன்னால் இதற்கு இரண்டு பதில் உண்டு, இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

பயோஃபிலிம் இருந்ததாலேயே அலட்சியம் என்று ஆகாது. காய்ச்சலே வராத நோயாளிகளிடமிருந்து எடுத்த லைன்களையும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஏதோ ஒரு படலம் இருக்கிறது. அது ரத்தத்தில் பரவும் அளவுக்குப் போனதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். வாரக்கணக்கில் ஒரு லைன் இருந்தால், எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஆபத்து நாளுக்கு நாள் கூடும்.

ஆனால் 'ஐசியு என்றால் இதெல்லாம் சகஜம்' என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியுக்களில் பீட்டர் புரோனோவோஸ்ட் குழு ஒரு வேலை செய்து 2006இல் முடிவை வெளியிட்டது. புதுக் கருவி எதுவும் இல்லை. லைன் போடும் முன் கை கழுவு, முழு உடலையும் மூடும் ஸ்டெரைல் துணி போடு, தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடை, முடிந்தவரை தொடையில் போடாதே, தேவை முடிந்த லைனை எடு. இவ்வளவுதான். ஆயிரம் லைன் நாட்களுக்கு (ஒருவருக்கு லைன் ஒரு நாள் இருந்தால் அது ஒரு லைன் நாள்) 2.7 என்று இருந்த ரத்தத் தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. நான் இந்த ஆய்வை அடிக்கடி எடுத்துச் சொல்வதற்குக் காரணம், அந்தப் பட்டியலில் ஆன்டிபயாடிக் என்ற சொல்லே கிடையாது என்பதுதான்.

நீங்கள் விசிட்டிங் நேரத்தில் உள்ளே போகும்போது பார்க்கக் கூடியவை சில உண்டு. லைன் நுழையும் இடத்தில் ஒட்டிய டிரெஸ்ஸிங் காய்ந்து, முழுக்க ஒட்டியபடி இருக்க வேண்டும். கண்ணாடி மாதிரி தெரியும் டிரெஸ்ஸிங்கை வழக்கமாக ஏழு நாளைக்கு ஒரு முறை மாற்றுவார்கள், துணி டிரெஸ்ஸிங் என்றால் இரண்டு நாள். ஆனால் ஈரமாகியோ ஓரம் பிரிந்தோ ரத்தம் ஊறியோ இருந்தால் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும், அதை நீங்கள் நர்ஸிடம் தாராளமாகச் சொல்லலாம். ஊசி மருந்து ஏற்றுவதற்கு முன் லைனின் வாய்ப்பகுதியை ஆல்கஹால் துடைப்பானால் அழுத்தித் தேய்த்து, காய விட்டுப் போட வேண்டும், ஒரு தடவு தடவி விடுவது போதாது. கை கழுவுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது உங்களுக்கும் சேர்த்துத்தான். குற்றம் பிடிக்கிற தொனியில் கேட்டால் பதில் வராது, 'டிரெஸ்ஸிங் ஓரம் பிரிஞ்சிருக்கு சிஸ்டர், கொஞ்சம் பாருங்களேன்' என்றால் வேலை நடக்கும்.

இனி அந்தச் சூடோமோனாஸ். இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் டாக்டரிடம் சண்டைக்குப் போகின்றன, இங்கேதான் டாக்டர் பெரும்பாலும் சரியாக இருக்கிறார்.

சிறுநீர்க் கதீட்டர் போட்டவர்களில் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் பாக்டீரியா வந்து சேர்கிறது. ஒரு மாதம் ஆனால் ஏறத்தாழ எல்லோருக்கும் இருக்கும். அப்பா நான்காவது வாரத்தில் இருக்கிறார், அவருடைய யூரின் கல்ச்சரில் ஒன்றும் வரவில்லை என்றால்தான் நான் ஆச்சரியப்படுவேன். அந்தக் கல்ச்சர் காட்டுவது பெரும்பாலும் குழாயில் குடியேறியவற்றை, அப்பாவின் சிறுநீரகத்தில் உள்ள நோயை இல்லை. காய்ச்சல், விலாப்பக்க வலி, வேறு காரணம் தெரியாத ரத்த அழுத்த வீழ்ச்சி இப்படி எதுவும் அதனால் இல்லாதபோது மருந்து கொடுத்தால் குழாயில் உள்ள படலம் போகாது, சில நாள் அடங்கி மறுபடி வரும், அப்படி வரும்போது அந்த மருந்துக்கும் கட்டுப்படாததாக வரக்கூடும். நாளைக்கு அவருக்கு உண்மையிலேயே சூடோமோனாஸ் தொற்று வந்தால் கொடுக்க மருந்து மிச்சம் இருக்க வேண்டாமா? சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை அடிக்கிறது என்பதையும் தனியாக நோய்க்கு அடையாளமாக எடுத்துக்கொள்வதில்லை. கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சை செய்யப் போகிறவர்கள் போன்ற சிலருக்குத்தான் அறிகுறி இல்லாமலும் மருந்து உண்டு.

உங்கள் விஷயத்தில் ஒரு நியாயமான சந்தேகம் எழும், அவருக்குத்தான் காய்ச்சல் இருந்ததே என்று. இருந்தது, ஆனால் ரத்தத்தில் வந்தது எபிடெர்மிடிஸ், சூடோமோனாஸ் இல்லை. காய்ச்சலுக்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது. லைனை எடுத்து, மருந்து கொடுத்த பிறகும் காய்ச்சல் வந்து, வேறு இடத்தில் காரணம் கிடைக்கவில்லை என்றால் அப்போது சிறுநீரை மறுபடி யோசிப்பார்கள். அந்தக் கட்டத்தில் நீங்கள் ஒன்றை நினைவில் வைத்துக் கேளுங்கள்: கதீட்டர் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் முதலில் பழைய கதீட்டரை எடுத்துவிட்டு, இன்னும் தேவை என்றால் புதிது போட்டு, அந்தப் புதுக் கதீட்டரிலிருந்து சாம்பிள் எடுத்து அனுப்பி, அதன் பிறகு மருந்து தொடங்க வேண்டும். பழைய குழாயிலிருந்து எடுத்த சாம்பிளில் குழாயில் குடியிருப்பது எல்லாம் வரும், எது நோய் என்று எங்களாலும் சொல்ல முடியாது. பையிலிருந்து பிடித்து அனுப்பினாலோ இன்னும் மோசம், அப்படி வரும் சாம்பிளில் வளர்வது என்ன என்று ரிப்போர்ட் எழுதவே கை கூசும்.

காய்ச்சல் எதுவும் இல்லாமல் சும்மா இத்தனை நாளைக்கு ஒரு முறை கதீட்டரை மாற்றச் சொல்லாதீர்கள், அதில் பலன் இல்லை. அடைத்துக்கொண்டால் மாற்ற வேண்டும். புரோட்டியஸ் என்ற பாக்டீரியா யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும், சிறுநீர் காரத்தன்மை அடைந்து உப்புகள் படிகமாகிப் படலத்தோடு சேர்ந்து குழாயை அடைத்துவிடும், அது வேறு தொல்லை. கதீட்டர் வழியாக ஆன்டிபயாடிக் விட்டு மூத்திரப்பையைக் கழுவுவதும் வழக்கமாகச் செய்யக் கூடியதில்லை.

அப்புறம் வெள்ளிப் பூச்சு. வாங்க வேண்டாம். பிரிட்டனில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்து 2012இல் வெளியான ஆய்வில், குறுகிய காலத்துக்குப் போடும் சிறுநீர்க் கதீட்டர்களில் வெள்ளிக் கலவைப் பூச்சு, நோய் அறிகுறியோடு வரும் தொற்றைக் குறைக்கவில்லை. லேபில் கண்ணாடித் தட்டில் அருமையாக வேலை செய்யும் பூச்சு, உடம்புக்குள் போனதும் புரதமும் செத்த பாக்டீரியாவும் மேலே படிந்து மூடிக்கொள்வதால் பலன் இழப்பது இந்தத் துறையில் பழைய கதை. ரத்தக்குழாய் லைன்களில் நிலைமை கொஞ்சம் வேறு, மினோசைக்ளின், ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்குகளை ஏற்றிய லைன்கள், குளோர்ஹெக்சிடினும் சில்வர் சல்ஃபாடயாசினும் பூசிய லைன்கள் தொற்றைக் குறைப்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் அது குடும்பம் வாங்கிக் கொடுத்துப் போட வேண்டிய பொருள் இல்லை, மற்றதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் தொற்று குறையாத ஐசியு எடுக்க வேண்டிய முடிவு.

வெள்ளிக்கு யோசித்த நேரத்தில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வியைத் தினமும் கேளுங்கள்: 'இந்தக் கதீட்டர் இன்னைக்கும் தேவையா?' தேவை என்றால் காரணம் சொல்வார்கள், மணிக்கு மணி சிறுநீர் அளக்க வேண்டும், சிறுநீர் தானாகப் பிரியவில்லை, முதுகின் அடியில் ஆறாத புண் இருக்கிறது என்று. 'படுக்கை நனையும்', 'போட்டபடியே இருக்கட்டும்' என்பவை காரணம் இல்லை. ஆண் என்பதால் அப்பாவுக்கு இன்னொரு வசதி உண்டு, சிறுநீர் தானாகப் பிரிகிறது, கட்டுப்பாடு மட்டும் இல்லை என்றால் வெளியே மாட்டும் காண்டம் கதீட்டர் போதும், மூத்திரப்பைக்குள் எதுவும் போகாது. குழாய் இருக்கும் வரைக்கும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது, பைக்கும் குழாய்க்கும் நடுவே இணைப்பைக் கழற்றக் கூடாது. ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது பையைத் தூக்கி நோயாளியின் கால்களுக்கு நடுவில் வைத்து விடுவார்கள், பையில் இருந்த சிறுநீர் அப்படியே திரும்ப உள்ளே போகும், அந்த நேரம் நீங்கள் பக்கத்தில் இருந்தால் பையைக் கீழே மாட்டச் சொல்லுங்கள்.

கதீட்டரை எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவானால், பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு உடனே சிறுநீர் பிரியாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எடுத்து ஆறு மணி நேரம் போல ஆகியும் போகவில்லை, அடிவயிறு உப்புகிறது, அவர் காரணமில்லாமல் அமைதியிழந்து புரள்கிறார் என்றால் நர்ஸிடம் சொல்லுங்கள், ஸ்கேன் வைத்து எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று உடனே பார்த்துவிடுவார்கள். அப்போதும் பழையபடி நிரந்தரக் கதீட்டர்தான் என்று இல்லை. சில மணி நேரத்துக்கு ஒரு முறை மெல்லிய குழாய் விட்டு வடித்து, உடனே எடுத்துவிடும் முறையில் சில நாள் சமாளிக்க முடியுமா என்று கேளுங்கள். குழாய் போனதும் 'எதற்கும் ஒரு யூரின் கல்ச்சர் அனுப்பிடலாமே' என்று தோன்றும். காய்ச்சலோ எரிச்சலோ இல்லாவிட்டால் அதை நீங்களாகக் கேட்க வேண்டாம்.